எத்தனை நாளைக்கு இங்கே இருப்பீர்கள்?

சென்ற மாதம் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு 45 வயது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உற்பத்தித் துறையில் இருந்து, இன்று ஓர் ஆலையின் முழுப் பொறுப்பையும் ஏற்று நடத்துகிறவர். மேலாண்மை ஆலோசனை நிறுவனம் ஒன்று அவரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. போகலாமா, வேண்டாமா என்று கேட்டார். நான் 44 வயதில் அதே மாற்றத்தைச் செய்தவன் என்பதால் அரை மணி நேரம் பேசினேன். உங்கள் அணியின் மேலாளர் உங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவராக இருக்கக்கூடும் என்றேன். வாரத்தில் நான்கு நாட்கள் வெளியூரில் தங்க வேண்டியிருக்கும் என்றேன். வாடிக்கையாளர் கணக்கில் எழுதக்கூடிய மணி நேரம் எவ்வளவு என்று நிறுவனம் வாராவாரம் எண்ணிக்கொண்டே இருக்கும், ஒரு பிராஜெக்ட் முடிந்து அடுத்தது வரும் வரை கை சும்மா இருக்கும் நாட்கள் மனத்தை அரிக்கும் என்றேன். சொன்னவை எல்லாம் உண்மை. ஆனால் அவருக்கு மெய்யாகப் பயன்படக்கூடிய எதையும் நான் சொல்லவில்லை என்ற எண்ணம் தொலைபேசியை வைத்த உடனே வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னும் அது எழுந்து போகவில்லை.

அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது, ஒரு ஷிப்டு சூப்பர்வைசர் என்னிடம் கேட்ட கேள்வியை. ஆலோசகராகச் சேர்ந்த மூன்றாவது மாதம், முதல் பிராஜெக்டில், ஓர் இரவு ஷிப்டின் நடுவில் அவர் அதைக் கேட்டார். பேக்கிங் வரிசை ஏன் நாளுக்கு இத்தனை மணி நேரம் நிற்கிறது என்று அவருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டவர், கையிலிருந்த பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "நீங்க சொல்றதெல்லாம் சரிதான் சார். எத்தனை நாளைக்கு இங்க இருப்பீங்க?" என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை, எரிச்சலும் இல்லை. ஒரு கணக்கைப் போட்டு முடிக்க அவருக்கு ஓர் எண் தேவைப்பட்டது, அவ்வளவுதான். நான் தேதியைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நடுவயதில் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "அனுபவத்தோடு வருகிறார்கள்" என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த அனுபவம் என்பது எது, அதில் எந்தப் பகுதி இங்கே செல்லுபடியாகிறது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. எனக்கு அது பிரிந்து தெரிந்தது அந்தக் கேள்விக்குப் பின்னர்தான்.

நாற்காலி போன பிறகு

ஆலோசனை நிறுவனங்களில் ஆள் எடுக்கும் முறையே கேஸ் இன்டர்வியூதான். ஒரு நிறுவனத்தின் சிக்கலைச் சில வாக்கியங்களில் சொல்லி, எப்படி அணுகுவீர்கள் என்று கேட்பார்கள். என் முதல் நேர்காணலில் வந்த சிக்கல்: விற்பனை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது, லாபம் குறைகிறது, ஏன்? எனக்கு அது பழகிய வியாதி. சிறு சிறு ஆர்டர்களை அதிகமாக எடுத்திருப்பார்கள், அதனால் இயந்திரத்தை அடிக்கடி நிறுத்தி அளவு மாற்ற வேண்டி வந்திருக்கும், உற்பத்தித் திறன் அதிலேயே கரைந்துபோயிருக்கும் என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டேன். எதிரில் இருந்த இளைஞர் தன் தாளைப் பார்த்து, விடை அதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் என்னை எடுக்கவில்லை.

வேறொரு நிறுவனத்தில் அடுத்த நேர்காணலுக்கு முன் இரண்டு மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டேன். லாபத்தை வருவாய், செலவு என்று பிரிக்க வேண்டும். வருவாயை விலை, அளவு என்றும், செலவை நிலைச் செலவு, மாறும் செலவு என்றும் பிரிக்க வேண்டும். ஒரு கிளை இன்னொன்றோடு கலக்கக் கூடாது; எல்லாக் கிளைகளையும் சேர்த்தால் எதுவும் விடுபடவும் கூடாது. 1963-இல் மெக்கின்ஸி என்ற ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்த பார்பரா மிண்டோ ஒழுங்குபடுத்திக் கற்பித்த முறை இது. முடிவை முதலில் சொல், அதைத் தாங்கும் காரணங்களை அதன் கீழே வகைப்படுத்தி அடுக்கு என்ற அவருடைய பாடம் இன்றும் ஆலோசகர்கள் எழுதும் ஒவ்வொரு ஸ்லைடிலும் இருக்கிறது. தொடக்கத்தில் இதை, அனுபவம் இல்லாதவர்கள் அனுபவத்துக்குப் பதிலாக வைத்துக்கொண்ட சடங்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணம் தவறு என்று தெரிய ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

ஆலையில் நான் ஒன்றைச் சொன்னால் அது நடந்தது. அது சரியாக இருந்ததால் நடந்தது என்றே 21 ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். நடந்ததற்குப் பாதிக் காரணம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி. மறுநாளும் அதே நாற்காலியில் இருப்பேன், செய்தாயா என்று கேட்பேன், ஆண்டு முடிவில் மதிப்பெண் போடுவேன் என்பது கேட்பவருக்குத் தெரியும். ஆலோசகனுக்கு அந்த நாற்காலி கிடையாது. ஆகவே அவன் வந்து சேர்ந்த முடிவை, கேட்பவர் ஒவ்வொரு படியாகத் தாமே நடந்து பார்த்துச் சரிபார்த்துக்கொள்ள வழி விட வேண்டும். கிளை கிளையாகப் பிரிக்கும் அந்த முறை பேசுகிறவனின் அறிவைக் காட்டுவதற்கு இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்; அது கேட்கிறவரின் உரிமையைக் காப்பாற்றுவதற்கு இருக்கிறது. விடையை நேராகத் தாவிப் பிடிக்கிற பழக்கம், பதவியில் இருப்பவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். பதவி இல்லாதவனிடம் அதே பழக்கம் இருந்தால், அவன் தன் சொல்லை நம்பச் சொல்கிறான் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

ஒரு காலத்தில் இது நடுவயதினரின் தொழில்

ஆலோசனைத் தொழில் இளைஞர்களுக்கானது, நாற்பதைத் தாண்டியவர்கள் அதில் விருந்தாளிகள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வரலாறு அப்படித் தொடங்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் மெக்கின்ஸி 1926-இல் தன் நிறுவனத்தைத் தொடங்கியபோதும், அதன் பிறகு கால் நூற்றாண்டு வரைக்கும், இந்தத் தொழிலுக்குத் தேடப்பட்டவர்கள் பெரும்பாலும் வேறு இடங்களில் வேலை பார்த்து முதிர்ந்தவர்களே. கல்லூரியிலிருந்து நேராக எம்.பி.ஏ. பட்டதாரிகளை எடுத்துப் பயிற்றுவிக்கும் வழக்கம் 1950களில் மார்வின் போவர் அந்த நிறுவனத்தை நடத்திய காலத்தில்தான் வேரூன்றியது. போவர் வழக்கறிஞராக இருந்தவர். வழக்கறிஞர் நிறுவனங்களில் இருந்த, மேலே ஏறு அல்லது வெளியேறு என்ற ஏற்பாடும் இந்தத் தொழிலுக்குள் வந்து சேர்ந்தது. அனுபவம் ஆளோடு போய்விடும், முறையை எவருக்கும் கற்றுத்தரலாம் என்பது அந்த மாற்றத்துக்குள் இருந்த நம்பிக்கை. அதை ஒட்டியே இந்த நிறுவனங்களின் கூம்பு வடிவமும் உருவானது: உச்சியில் சில பார்ட்னர்கள், நடுவில் மேலாளர்கள், அடியில் ஏராளமான இளைஞர்கள். அடியில் இருப்பவர்களின் மணி நேரத்தை விற்றுத்தான் உச்சி நிற்கிறது.

இந்தக் கூம்பில் 45 வயதுக்காரருக்கு இயல்பான இடம் இல்லை என்பதைத்தான் நண்பரிடம் நான் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். அடித்தட்டில் வைக்க முடியாத அளவுக்கு அவருக்குச் சம்பளம் அதிகம். நடுவில் வைத்து ஓர் அணியை நடத்தச் சொன்னால், எந்தப் பகுப்பாய்வு எத்தனை நாள் பிடிக்கும் என்று கணிக்கும் கைப்பழக்கம் அவருக்கு இருக்காது. அதனால் ஓரிரு ஆண்டுகளுக்குள் அவர் உச்சியில் உள்ளவர்களின் வேலையை, அதாவது புதிய பிராஜெக்டுகளைக் கொண்டுவரும் வேலையைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அப்போது அவருடைய பழைய தொடர்புகளின் மீது கண் விழும். பழைய முதலாளியின் விலைப் பட்டியலும் செலவுக் கணக்கும் அவர் தலைக்குள் இருக்கும். அவற்றை வெளியே எடுக்கும்படி யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். எடுத்தால் வேண்டாம் என்று சொல்பவர்களும் குறைவாகவே இருப்பார்கள். சேர்வதற்கு முன்பே தனக்குத்தானே ஒரு கோடு போட்டுக்கொள்ளாதவர் அந்த இடத்தில் வழுக்கி விழுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் வயதை ஒரு குறையாகவே நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்வேன். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பல ஆண்டுகள் நிர்வாகத்தில் இருந்த புரூஸ் ஹெண்டர்சன் 1963-இல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கியபோது அவருக்கு 48 வயது. எதிர்த் திசையில் போனவரும் உண்டு, அவர் அதே ஜேம்ஸ் மெக்கின்ஸி. சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட் என்ற பெரிய வணிக நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்னவர், 1935-இல் அதன் தலைமைப் பொறுப்பையே ஏற்று, தான் சொன்னதைத் தானே நிறைவேற்றப் புறப்பட்டார். நிறுவனத்தின் மொத்த விற்பனைப் பகுதி மூடப்பட்டது, பலர் வேலை இழந்தனர், கசப்பு மிகுந்தது. 1937-இல் நிமோனியாவால் இறந்தபோது அவருக்கும் 48 வயது. சொல்கிறவரின் இடத்துக்கும் செய்கிறவரின் இடத்துக்கும் நடுவில் இருக்கிற தொலைவை இந்தத் தொழிலின் பெயரோடு ஒட்டிக்கொண்ட மனிதரே கடைசி இரண்டாண்டுகளில் நடந்து பார்த்திருக்கிறார் என்பதை நான் அடிக்கடி எண்ணிக்கொள்வேன். அவருக்குச் சொந்த நாற்காலி கிடைத்தது. எனக்கு இருந்த நாற்காலியை நான் விட்டுவிட்டு வந்தேன். தொலைவு ஒன்றுதான்.

இரண்டாம் நாள்

அந்த முதல் பிராஜெக்டுக்கு வருகிறேன். நிரப்பி, மூடி, லேபிள் ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கும் வரிசை. ஓர் அளவிலிருந்து இன்னொரு அளவுக்கு மாற்ற, அதாவது சேஞ்ச்ஓவர் செய்ய, சராசரியாக 110 நிமிடம் ஆயிற்று. அணியில் என்னோடு இருந்த இருவரும் ஒரு மாதப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் வரிசையின் ஓரத்தில் நின்று ஒரு சேஞ்ச்ஓவரை முழுதாகப் பார்த்தேன். ஃபிட்டர் 17 ஸ்பேனரை எடுக்க டூல் ரூமுக்குப் போனார். திரும்பி வந்து நான்கு போல்ட்டைக் கழற்றினார். அடுத்தது 13 என்று தெரிந்ததும் மறுபடி போனார். அலன் கீ வேறொரு வரிசையில் இருந்தது, அதைத் தேடிப் போனார். வழிகாட்டிப் பட்டைகள் அலமாரியில் பூட்டிக் கிடந்தன, சாவி சூப்பர்வைசரிடம் இருந்தது, சூப்பர்வைசர் வேறு வேலையாக இருந்தார். இயந்திரம் நின்ற பிறகு அந்த ஃபிட்டர் வரிசையை விட்டுப் பதினான்கு முறை நடந்து போனார். நான் எண்ணினேன்.

இதற்கான மருந்து உலகம் அறிந்தது. ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1950-இல் ஹிரோஷிமாவில் மஸ்டா ஆலையில் கண்ட வேறுபாடு அது: இயந்திரம் நின்றால்தான் செய்யக்கூடிய வேலை ஒன்று, ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை இன்னொன்று. இரண்டையும் பிரித்து, கருவிகளையும் பாகங்களையும் முன்கூட்டியே வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டால் பெரும்பகுதி நேரம் மிச்சமாகும். 1969-இல் டொயோட்டாவின் 1000 டன் பிரஸ் ஒன்றில், அதாவது உலோகத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் இயந்திரத்தில், நான்கு மணி நேரம் பிடித்த மாற்றம் இந்த வழியில் முதலில் 90 நிமிடமாகவும், பிறகு 3 நிமிடமாகவும் குறைந்தது. என் சொந்த ஆலையில் நானே இரண்டு முறை இதை நடத்திப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் மாலை, வாடிக்கையாளர் நிறுவனத்தின் அதிகாரிகளோடு நடந்த முதல் கூட்டத்தில் என்னால் அதை அடக்கி வைக்க முடியவில்லை. பதினான்கு நடைகளையும் சொன்னேன். டொயோட்டா பிரஸ்ஸின் மூன்று நிமிடத்தையும் சொன்னேன். வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கருவி வண்டி வைத்தால் பாதி நேரம் போய்விடும் என்றேன். ஆலைத் தலைவர் முகம் மலர்ந்தது. பராமரிப்புத் துறைத் தலைவர் மட்டும் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். கூட்டம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவருடைய துறையின் குறையை எல்லோர் முன்னாலும் எடுத்துக்காட்டியதால் வந்த கோபம் அது என்று எடுத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் எங்கள் அணி மேலாளர், என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர், மிக மரியாதையாக ஒன்று கேட்டார். "சார், இவ்வளவு சுலபமான விஷயத்தை இத்தனை வருஷமா அவங்க ஏன் செய்யல?" என்னிடம் பதில் தயாராக இருந்தது: அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பதில் எத்தனை தவறானது என்பது மறு வாரம்தான் தெரிந்தது.

ஒரு வாரம் கழிந்தும் வண்டி வரவில்லை. செய்யலாம் என்றார்கள், ஆகட்டும் என்றார்கள், ஒப்புதலுக்குப் போயிருக்கிறது என்றார்கள். எவரும் மறுக்கவில்லை. அந்த வாரத்தில் ஓர் இரவுதான் சூப்பர்வைசரிடம் மறுபடி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஸ்கிராப் யார்டில்

கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. மறுநாள் அவருடைய ஷிப்டு தொடங்கும் நேரத்துக்குப் போய், ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. "வாங்க சார்" என்று ஆலையின் பின்பக்கம் ஸ்கிராப் யார்டுக்கு அழைத்துப் போனார். வளைந்த கன்வேயர் சட்டங்களுக்கும் துருப்பிடித்த மோட்டார் உறைகளுக்கும் நடுவில் ஒரு தள்ளுவண்டி சாய்ந்து கிடந்தது. கோண இரும்பில் வெல்டிங் செய்தது. மேலே ஒரு தகடு. தகட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஸ்பேனர்களின் வடிவங்கள், ஒவ்வொன்றின் கீழும் எண்: 13, 17, 19. அலன் கீக்களுக்கு வளைவு வளைவாக ஆறு இடங்கள். கீழ்த்தட்டில் வழிகாட்டிப் பட்டைகளுக்கு அளவாக வெட்டிய மரக்கட்டைகள், ஒவ்வொரு கட்டையிலும் எந்த அளவுக்கு எந்தப் பட்டை என்று குறிப்பு. நான் கூட்டத்தில் வாயால் வரைந்து காட்டியது முழுமையும் அங்கே இரும்பில் இருந்தது, என் வரைவைவிட நுணுக்கமாக. சட்டத்தின் ஓரத்தில் செய்த மாதமும் ஆண்டும் எழுதியிருந்தன. நாங்கள் அந்த ஆலைக்குள் நுழைவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு.

நான் பதினான்கு நடை எண்ணினேனே, அந்த ஃபிட்டர்தான் அதைச் செய்தவர். நான்கு மாதம் அது வரிசையில் இருந்ததாம். பிறகு ஒரு பாதுகாப்புத் தணிக்கை வந்தது. வண்டி மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, நடைபாதையில் நின்றிருந்தது. "நடைபாதையில் இடையூறு, அகற்றவும்" என்று குறிப்பு எழுதி, அப்போதிருந்த ஆலைத் தலைவர் கையெழுத்திட்டு, வண்டி வெளியே போயிற்று.

அந்தக் கையெழுத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. அப்படிப்பட்ட தணிக்கைக் குறிப்புகளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாதக் கடைசியில், மூடாமல் கிடக்கும் குறிப்புகளின் எண்ணிக்கை அறிக்கையில் சிவப்பாகக் காட்டும் என்பதற்காக, அகற்றவும், அகற்றவும் என்று ஒரே உட்காரலில் பதினைந்து இருபது குறிப்புகளில் போட்டிருக்கிறேன். அவற்றில் எத்தனை வண்டிகள் இருந்தன என்று எனக்குத் தெரியாது. யார் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்து வெல்டிங் செய்தார் என்று நான் கேட்டதில்லை. என் தவறு என்று அப்போது யாரும் சொல்லியிருக்க முடியாது. நடைபாதையை அடைத்து நிற்கும் வண்டி ஆபத்துதான், விதி சரியானதுதான். சரியான விதியும், சரியான கையெழுத்தும் சேர்ந்து ஒரு நல்ல பொருளைக் குப்பைக்கு அனுப்புகிற இடம் எது என்பதை நான் ஆலைத் தலைவனாக இருந்தவரை ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த யார்டில் நின்றபோதுதான் என் 21 ஆண்டுகளில் எது இந்தப் புதிய தொழிலுக்கு உதவும் என்று விளங்கிற்று. ஸ்பேனர் எங்கே இருக்க வேண்டும் என்ற அறிவு எனக்கு முன்பே அந்த ஃபிட்டருக்கு இருந்தது. அந்த வண்டி எப்படிச் செத்தது என்று, கொன்ற பக்கத்திலிருந்து, எனக்குத் தெரிந்திருந்தது. அணியில் இருந்த இளைஞர்கள் என்னைவிடக் கூர்மையானவர்கள், ஆனால் அவர்கள் யாரும் இதுவரை எதையும் கொன்றதில்லை.

சூப்பர்வைசரின் கேள்வியும் அப்போது வேறு மாதிரி ஒலித்தது. நாங்கள் இருக்கும்வரை வண்டி இருக்கும், போன பிறகு அடுத்த தணிக்கை வரும் என்ற கணக்கைத்தான் அவர் போட்டுப் பார்த்திருக்கிறார். டொயோட்டாவின் மூன்று நிமிடத்தைப் பெருமையாகச் சொன்னேனே, ஷிங்கோவும் வெளியிலிருந்து போன ஆலோசகர்தான். 90 நிமிடத்துக்கே மாதக்கணக்கில் ஆயிற்று, அதன்பின் அவர் திரும்ப வந்தார், அதன்பின்தான் மூன்று நிமிடம். எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த மாதங்களை நான் விட்டுவிட்டேன். எட்கர் ஷைன் என்ற உளவியலாளர் 1969-இல் ஆலோசகரின் வேலையை மூன்று விதமாகப் பிரித்துக் காட்டினார்: அறிவை விலைக்கு விற்பவர், நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் போன்றவர், சிக்கலை உடையவரோடு உட்கார்ந்து அவரே அதைக் காண உதவுகிறவர். சிக்கல் எப்போதும் அதை உடையவரிடமே இருக்க வேண்டும், ஆலோசகர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பது அவர் கருத்து. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு மென்மையான பேச்சாகத் தோன்றியது. துருப்பிடித்த அந்தத் தகட்டைப் பார்த்தபிறகு அதைவிடக் கறாரான விதி இந்தத் தொழிலில் இல்லை என்றே நினைக்கிறேன்.

பத்தொன்பது நாள்

அன்றைக்கு எங்களுக்கு மீதமிருந்தவை 19 நாட்கள். அணி மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் அட்டவணையைத் திறந்து, சேஞ்ச்ஓவர் என்ற தலைப்பின் கீழ் நாங்கள் செய்யத் திட்டமிட்டிருந்த பகுப்பாய்வுகளில் மூன்றை அங்கேயே அடித்தார். வண்டியை மீண்டும் கொண்டுவருவது ஒரு மணி நேர வேலை. அதை எவரும் வெளியே தள்ள முடியாதபடி செய்வதுதான் மீதி நாட்களின் வேலை என்று முடிவாயிற்று.

வண்டி நிற்க இடம் வேண்டும். மஞ்சள் கோட்டுக்கு வெளியே, வரிசையை ஒட்டி இருந்த ஒரே இடத்தில் அட்டைப்பெட்டிக் கட்டுகளை அடுக்கிய பேலட், அதாவது சரக்குத் தட்டு, நின்றது. ஷிப்டுக்கு ஒருமுறை ஸ்டோர்ஸ் அதைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும். ஷிப்டுக்கு இரண்டு முறை பாதிப் பாதியாகக் கொண்டுவந்தால் பேலட் சிறுத்து, வண்டிக்கு இடம் கிடைக்கும். ஸ்டோர்ஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் ஷிப்டுக்கு ஒருவர்தான். அவர் இரண்டாம் முறை வரவேண்டுமென்றால் இறக்கும் தளத்தில் லாரி காத்திருக்கும் நேரம் கூடும். அந்த நேரத்துக்கு அனுப்புகைத் துறை பதில் சொல்ல வேண்டும். ஒரு ஃபிட்டரின் தள்ளுவண்டி நிற்கும் இடத்துக்காக நான்கு துறைகளின் ஆட்களோடு பதினொரு நாட்கள் பேசினோம். இவர்களில் கெட்டவர் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவரும் தன் எண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் நன்றாக அறிந்த மனிதர்கள். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன். எதற்கு அஞ்சுகிறார்கள் என்று அவர்கள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. லாரி காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பத்து நிமிடம் தனிக் குறியீட்டில் எழுதப்படும், உங்கள் கணக்கில் ஏறாது என்று சொன்னதும் அனுப்புகைத் துறைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்ததை என்னால் மறக்க முடியாது. அதை ஆலைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கினோம்.

பதினேழாம் நாள் சேஞ்ச்ஓவர் 62 நிமிடத்துக்கு வந்தது. நான் வாய்விட்ட பாதிக்குச் சற்று மேல். ஃபிட்டர் வரிசையை விட்டு மூன்று முறைதான் போனார்.

நண்பரிடம் கேட்டிருக்க வேண்டியது இப்போது எனக்குத் தெளிவாக இருக்கிறது. பயணம் ஒத்துவருமா, இளையவரிடம் வேலை செய்ய மனம் வருமா என்பவற்றுக்கெல்லாம் அவர் தாமே விடை கண்டுபிடித்துக்கொள்வார். நீங்கள் தடுத்த நல்ல காரியங்கள் எவை, எந்தக் காகிதத்தில், எந்த எண்ணைக் காப்பாற்ற, என்று கேட்டிருக்க வேண்டும். அதை மறைக்காமல் உட்கார்ந்து எழுதக்கூடியவர் என்றால் 45 வயது இந்தத் தொழிலுக்கு நல்ல வயது. சாதனைகளை மட்டும் எழுதிக் கொண்டுவருகிறவரைவிட, அதே சாதனைகளைப் படித்துத் தெரிந்துகொண்ட 25 வயதுக்காரர் சுறுசுறுப்பாக வேலை செய்வார். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நான் பார்த்தவரை, நடுவயதில் வந்து இரண்டே ஆண்டில் திரும்பிப் போனவர்கள் பெரும்பாலும் பயணத்தால் போகவில்லை. தங்கள் விடை சரியாக இருந்தும் நடக்கவில்லையே என்ற மனக்குறையோடு போனார்கள். இன்றிரவு அவரை அழைக்கப் போகிறேன்.

கடைசி நாள் நிறைவுக் கூட்டத்தில் நாங்கள் நாற்பது ஸ்லைடு காட்டவில்லை. வண்டியின் இடத்தைக் குறித்த தளவரைபடத்தைக் காட்டினோம். அதன் மூலையில் பாதுகாப்பு அலுவலர், ஷிப்டு சூப்பர்வைசர், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் மூவரின் கையெழுத்து இருந்தது. மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் வண்டிக்கென ஒரு பச்சைக் கட்டம். அடுத்த தணிக்கைப் படிவத்தில், அந்தக் கட்டத்தில் வண்டி இல்லாவிட்டால் குறை என்று எழுத ஒரு புதிய வரி. அடுத்த படம், வண்டியின் சட்டத்தில் எழுதியிருந்த அந்த மாதமும் ஆண்டும். ஆலைத் தலைவர் இதைப் பார்த்தது முதல் முறை. அவர் அந்த ஆலைக்கு வந்தே இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. யாரும் பேசவில்லை. இரண்டாம் நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த பராமரிப்புத் துறைத் தலைவர் மேசையின் மறுகோடியிலிருந்து, படத்தைப் பார்த்தபடியே, "அந்தச் சக்கரம் நாலும் நான் வாங்கிக் கொடுத்தது" என்றார்.